நாற்பத்தொன்றாவது அர்த்தம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு அன்றும் கூச்சமில்லை, இன்றும் இல்லை. அப்பா தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் போடுபவர். எண்களைத் தாண்டி அவருக்கு எழுத்து தேவைப்பட்டதில்லை. அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அப்பாவின் தங்கையான அத்தை, கல்யாணமாகி ஒரே வருஷத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்களிடம் திரும்பி வந்தவள், சானடோரியம் பக்கம் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள்.

ஆகவே முடிச்சூர் ரோட்டில் இருந்த எங்கள் ஒண்டுக் குடித்தனத்துக்குள் எழுத்து என்று எது வந்தாலும், ரேஷன் கார்டோ கல்யாணப் பத்திரிகையோ மருந்துச் சீட்டோ, அது என் கைக்குத்தான் வரும். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல நான் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். தெரியாத வார்த்தை குறுக்கிட்டால் தெரிந்த மாதிரியே வாசித்துவிட்டு மேலே போவேன். இவர்களில் யாரும் என்னைக் கண்டுபிடிக்க முடியாது என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு வந்த இங்கிலீஷ் டீச்சர், கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே பேசுபவர். ஒருநாள் போர்டில் பெரிதாக மூன்றே இங்கிலீஷ் எழுத்து எழுதினார். கட்.

"இது ரொம்பச் சின்ன வார்த்தை. ஆனா எத்தனை வேஷம் போடுதுன்னு பாருங்க. பத்து நாள் டைம். டிக்ஷனரியப் பாத்து எழுதறதுன்னா எல்லாராலயும் முடியும். எனக்கு அது வேணாம். காதால கேட்டதுதான் வேணும். யார் சொன்னாங்க, எங்க சொன்னாங்க, அது இல்லாம ஒண்ணு கூட எடுத்துக்க மாட்டேன்."

ஜெயிப்பவளுக்கு ஒரு இங்கிலீஷ் டிக்ஷனரி பரிசு என்றார். கெட்டி அட்டை போட்ட டிக்ஷனரி. எங்கள் வீட்டில் அதுவரை புத்தகம் என்று இருந்ததெல்லாம் என் பாடப் புத்தகங்களும் கேலண்டர் மாதிரி ஆணியில் தொங்கிய ஒரு பழைய பஞ்சாங்கமும்தான்.

வகுப்பில் எனக்குப் போட்டி என்று ஒருத்திதான் இருந்தாள். அஸ்தினாபுரத்திலிருந்து வருபவள். அவள் அப்பா ஏதோ கம்பெனியில் மேனேஜர். அவர்கள் வீட்டில் சாப்பிடும்போதுகூட இங்கிலீஷ்தான் பேசுவார்கள் என்று சொல்லுவாள். தண்ணீர் கேட்பதற்கும் இங்கிலீஷா என்று நான் ஒருமுறை கேட்டதற்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

அன்று சாயங்காலமே ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு உட்கார்ந்தேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி எழுதினு கீற?"

சொன்னேன்.

"நம்ம ஊர்ல கட்டுன்னா சேத்து வெச்சுக் கட்றது. அவனுங்க ஊர்ல கட்டுன்னா வெட்டி உட்றதா? நல்லா கீதே ஞாயம்!"

அந்தப் பத்து நாளும் நான் வார்த்தை பொறுக்கினேன். கரண்ட் போனதும் தெருவே "கட்டு, கட்டு" என்று கத்தியது முதல் பதிவு. கிண்டியோடு திரும்பிவிடும் பஸ்ஸை கண்டக்டர் கட் சர்வீஸ் என்றார். தண்டவாளத்தைத் தாண்டிப் போகிற குறுக்குவழி ஷார்ட் கட். வளையல்காரரின் பெட்டியில் கட் வளையல். தையல்காரரிடம் வி கட், யு கட். தெருவில் பையன்கள் ஆடும்போது ஒருவன் பந்தை ஒதுக்கி அடித்துவிட்டுத் தானே தன்னைப் பாராட்டிக்கொண்ட ஸ்கொயர் கட். வயர்மேன் கேட்ட கட்டிங் பிளேயர். சினிமாக் கொட்டகை வாசலில் மூன்று ஆள் உயரத்துக்கு நின்ற கட் அவுட். பக்கத்து வீட்டு அண்ணன் காலேஜைக் கட் அடித்ததும், அதற்காக அவருடைய அப்பா கைச்செலவைக் கட் பண்ணியதும் ஒரே சண்டையில் கிடைத்தன. அந்தச் சண்டை இன்னும் கொஞ்ச நேரம் நடக்கக் கூடாதா என்றிருந்தது எனக்கு.

அப்பாவிடமிருந்தும் ஒன்று கிடைத்தது. சம்பள நாளன்று ஸ்டாண்டுக்கு வந்த சிநேகிதர் ஒருவரிடம் குரலைத் தாழ்த்தி, "ஒரு கட்டிங் போடலாமா?" என்று கேட்டார். அதை விட மனசில்லை. நோட்டில் எழுதும்போது மட்டும், சொன்னவர்: சைக்கிள் விட வந்த ஒருவர், என்று போட்டுக்கொண்டேன். எதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இதை இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அத்தைக்கு கம்பெனியில் நூல் வெட்டும் வேலை. தைத்து முடித்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களையெல்லாம் குட்டிக் கத்திரியால் வெட்டி, மடித்து, டஜன் டஜனாக அடுக்க வேண்டும். ஆப்பரேட்டர் ஒருத்தி பிரசவத்துக்குப் போய், அவளுடைய மெஷின் காலியாக இருந்தது. அதில் உட்கார அத்தைக்கும் எதிர்வீட்டு அக்காவுக்கும் போட்டி. இருவரும் ஒன்றாகவே பாலம் ஏறி இறங்கி, ஒன்றாகவே ரயிலில் ஒரு ஸ்டேஷன் போய் வருபவர்கள். போட்டியும் சிரித்துக்கொண்டேதான். "மெஷின் உனக்குன்னா தையல் கூலி எனக்கு" என்பாள் அத்தை.

அத்தைக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையாவது எண்ணும்போது அவள் வாய் அசையாது. ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பாள், வலது கையின் கட்டைவிரல் மட்டும் மற்ற நாலு விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறிப் போகும். ஒரு விரலுக்கு மூன்று கணு. பன்னிரண்டு ஆனதும் இடது கையில் ஒரு விரல் மடங்கும். கம்பெனியில் பழகியது. வீட்டில் சப்பாத்தியையும் அப்படித்தான் எண்ணுவாள். அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள் என்பதால் இப்படி ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறாள் என்று நான் பரிதாபப்பட்டிருக்கிறேன்.

நோட்டில் முப்பத்தைந்து தாண்டிய ஒரு நாள், அத்தை வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன்.

"அத்தே, கட் பீசுன்னு ஒண்ணு கீதுல்ல? நீ சொல்லுவியே. அத எழுதிக்கட்டா?"

ஈரக் கையோடு திரும்பினாள். "அது மட்டும் வேணாம். அத எழுதாத."

"ஏன்?"

"ஏன்னு கேக்காத. மத்தது ஆயிரம் கீது. சத்தியம் பண்ணு, எழுத மாட்டன்னு."

அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். ஈரம் தெறித்தது.

கட் பீஸ் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கம்பெனியில் சட்டை வெட்டியது போக மிச்சம் விழும் துண்டுத் துணி. சாக்கில் அள்ளிப் போடும் அதில் நல்லதாக ஒன்றிரண்டு கண்ணில் பட்டால், பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மேலே புடவையை இழுத்து விட்டுக்கொள்வார்கள். கம்பெனி வாசலில் சோதனைக்குத் தடவிப் பார்க்கிற அம்மாளும் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டாள். எங்கள் வீட்டுத் தலையணை உறைக்கு அப்படித்தான் வழி பிறந்தது. என் பள்ளிக்கூடப் பாவாடையின் பாக்கெட்டும் கட் பீஸ்தான். வெள்ளையில் மெல்லிய பச்சைக் கோடு போட்ட வழவழப்பான துணி. எதிர்வீட்டு அக்கா அவள் வீட்டு மெஷினில் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். வெளிநாட்டில் யாரோ ஒரு துரை சட்டையாகப் போட்டிருக்கும் துணிக்குள் நான் தினமும் கைவிட்டுக்கொண்டு நடந்தேன்.

போட்டி ஒரு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நடந்தது. ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். சொல்ல இல்லாதவள் உட்கார வேண்டும். பத்தில் பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். இருபத்தைந்தில் நாலு பேர் மிஞ்சினோம். முப்பதுக்கு மேல் நானும் அஸ்தினாபுரத்துக்காரியும்தான்.

அவளுடைய கட் எல்லாம் வேறு ஜாதி. குழந்தைக்குப் பல் முளைப்பதும் கட்டாம். வேலையை அரைகுறையாக முடிப்பது மூலையைக் கட் பண்ணுவதாம். மற்றவர்களைவிட ஒரு படி மேலாக இருப்பதும் ஒரு கட்டாம். தெரிந்தவர் எதிரே வரும்போது தெரியாதவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதையும் கட் என்பார்களாம். ஒவ்வொன்றுக்கும் அவள், "எங்க அப்பா சொன்னார், டின்னர் சாப்பிடறப்போ" என்றாள். டீச்சர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். மகளுக்குக் காதால் கேட்க வைக்க வேண்டுமென்று அவர் தட்டின் பக்கத்தில் டிக்ஷனரியை வைத்துக்கொண்டு சாப்பிட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. நான் பதிலுக்குக் கண்டக்டரையும் வயர்மேனையும் இறக்கினேன். வகுப்பு என் பக்கம் கைதட்டியது.

நாற்பதாவதை அவளும் சொன்னாள், நானும் சொன்னேன். என் நோட்டு அதோடு தீர்ந்தது. அவள் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சிடுச்சு டீச்சர்" என்று உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட?" என்றார் டீச்சர். "இல்லன்னா ரெண்டு பேருக்கும் சமம். புத்தகத்தை ஸ்கூல் லைப்ரரியில வெச்சு ரெண்டு பேரும் படிங்க."

லைப்ரரி. எனக்கு அந்தப் புத்தகம் எங்கள் வீட்டு அலமாரியில் வேண்டும். அத்தை எழுதாதே என்றாள். சொல்லாதே என்று சொல்லவில்லையே. நான் எழுதவில்லை. நோட்டில் இல்லை. சத்தியம் அப்படியே இருக்கிறது. ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் இவ்வளவும் யோசித்தேன் என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

"கட் பீஸ்" என்றேன்.

அஸ்தினாபுரத்துக்காரி எழுந்தாள். "யார் சொன்னது, எங்க சொன்னது? அது சொல்லணும்."

துணிக்கடைக்காரர் என்று சொல்லியிருக்கலாம். அப்பாவை மறைக்கத் தெரிந்தவளுக்கு அது பெரிய காரியம் அல்ல. ஆனால் அவள் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பின் சாயல் தெரிந்தது. பொய்யாக ஒன்றைச் சொல்லி ஜெயித்தேன் என்று இருக்கக் கூடாது என்று எனக்கு ஒரு ரோஷம் வந்தது.

"எங்க அத்தை. கம்பெனியில. இப்படித்தான் கொண்டுவருவாங்க" என்று டீச்சரின் மேசை விரிப்பை உருவி, ஒரு முனையை இடுப்பில் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் போதவில்லை. பாவாடைப் பாக்கெட்டை வெளியே இழுத்து, பச்சைக் கோட்டை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக் காட்டினேன். "இதுகூட கட் பீஸ்தான் டீச்சர்."

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தபடியே, "போதும். பாக்கெட்டை உள்ள விடு" என்றார். டிக்ஷனரியைக் கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அதையும் கவனித்தேன். ஆனால் அந்தப் புத்தகம் கனமாக இருந்தது, எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அன்று மாலை தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு ஓடினேன். "நாப்பத்தொண்ணு, அத்தே! நாப்பத்தொண்ணு! ஸ்கூல்லயே நான்தான்!" அத்தை என்னைத் தூக்க முடியாமல் தூக்கினாள். அப்பா டிக்ஷனரியைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "அரை வீசை கீதுடா" என்றார்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அத்தை வீட்டில் இருந்தாள். அவள் ரயில் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அம்மா அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"மேனேஜரு நேரா எங்க டேபிளாண்ட வந்தான் அண்ணி. பச்சக் கோடு துணி வூட்டுக்கு எடுத்தும்போனது யாருன்னு கேட்டான். அந்தத் துணின்னு பேர் சொல்லிக் கேக்கறான்! யாரும் வாயத் தொறக்கல. சொல்லலன்னா எட்டு பேரும் கெளம்புங்கன்னான். எட்டுப் பேரு பொழப்பு. நான்தான்னு சொல்லிட்டேன்."

"அவனுக்கு எப்டித் தெரியும்?"

அத்தை எதிர்வீட்டைப் பார்த்தாள். "அந்தத் துணிய பாக்கெட்டா தெச்சது யாரு? அவ ஒருத்திக்குத்தானே தெரியும். மெஷினு வேணும்னா என்னாண்ட கேட்டிருக்கலாம். நானே உட்டுக் குடுத்திருப்பேன்."

நான் வாசலில் பையைக்கூட இறக்காமல் நின்றிருந்தேன். காலையில்தான் அஸ்தினாபுரத்துக்காரி என் பக்கத்தில் வந்து, நல்ல மனசோடுதான், சொல்லியிருந்தாள்: "நீ ஜெயிச்ச கதைய எங்க அப்பாகிட்ட சொன்னேன். பாக்கெட்ட இழுத்துக் காட்டினியே, அத செஞ்சு காட்டினேன். பச்சக் கோடான்னு திரும்பத் திரும்பக் கேட்டார்." அவள் அப்பா மேனேஜராக இருந்தது எந்தக் கம்பெனி என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான்தான் சொன்னேன் அத்தே. அதில் எனக்குத் தெரியாத வார்த்தை எதுவும் இல்லை. எக்ஸ்ரே மாதிரி எதையும் தூக்கிப் பிடித்து வாசித்த நான், அதை மட்டும் வாசிக்கவில்லை. உள்ளே போய்ப் பாவாடையை மாற்றினேன். பாக்கெட்டுக்குள் கையை விடாமல், மேலிருந்தே மடித்து வைத்தேன்.

காலியாக இருந்த மெஷின் எதிர்வீட்டு அக்காவுக்குக் கிடைத்தது. அத்தை அம்மாவோடு பாத்திரம் தேய்க்கப் போக ஆரம்பித்தாள். அடிகுழாயில் இருவரும் எதிர்ப்படுவார்கள். அக்கா, "இன்னாக்கா, பேச மாட்டியா? நான் இன்னா பண்ணேன்னு சொல்லிட்டாவது பேசாம இரு" என்பாள். அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு, அங்கே ஆளே இல்லாத மாதிரி நடந்து வருவாள். அஸ்தினாபுரத்துக்காரி அப்பா வழியாகக் கேட்டு வந்து சொன்ன அர்த்தங்களில் ஒன்று எங்கள் குழாயடியில் தினம் இரண்டு வேளை நடந்தது. ஒருநாள் அக்கா குழாயடியிலேயே குடத்தை வைத்துவிட்டு அழுதாள். நான் பின்னால் வரிசையில் நின்றுகொண்டு, என் குடத்தைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

இப்படி ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் அத்தை சோடாப் பவுடர் அரித்த விரல்களில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன தோன்றியதோ, "அந்த நோட்ட எடுத்தாடி. பரிசு வாங்கினியே, அது. இன்னா எழுதினன்னு ஒருநாளும் படிச்சுக் காட்டலியே" என்றாள்.

நோட்டில்தான் அது இல்லையே. எழுதாதே என்றாள், எழுதவில்லை. அதைக் காட்டவே ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததுபோல் ஓடிப் போய் எடுத்து வந்தேன். நிறுத்தி நிதானமாக, ஒவ்வொன்றாக, யார் சொன்னது எங்கே சொன்னது என்பதோடு வாசித்தேன். பவர் கட்டுக்கும் கட் சர்வீஸுக்கும் அத்தை சிரித்தாள். பக்கத்து வீட்டுச் சண்டைக்கு, "அவன் இன்னும் காலேஜுக்குப் போவலடி" என்றாள். அப்பாவின் கட்டிங்குக்கு, "சைக்கிள் விட வந்த ஒருத்தரா? யாரந்த ஒருத்தரு?" என்று கேட்டு, அப்பா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். நீண்ட நாளைக்கப்புறம் அவள் சிரித்த சாயங்காலம் அது. நான்தான் அவளைச் சிரிக்க வைத்தேன் என்று பெருமையாக இருந்தது.

கடைசி வரியை வாசித்து நோட்டை மூடினேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் அத்தே."

"முழுசும் படிச்சியா? எதுனா உட்டுட்டியா?"

"ஒண்ணு விடாமப் படிச்சேன். நீயே பாரு" என்று நோட்டை நீட்டினேன். அவளால் பார்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

அத்தை நோட்டை வாங்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. வலது கையின் கட்டைவிரல் இரண்டாவது விரலின் முதல் கணுவில் நின்றிருந்தது. பிறகு விரல்களைப் பிரித்து, மிச்ச எண்ணெயைத் தலையில் தடவிக்கொண்டு, "நல்லாத்தான் எழுதிக்கீற. போய்ப் படி" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் அத்தை எதிர்வீட்டுக்குப் போனாள். அந்த அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலில் வைத்தே அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அக்கா முதலில் கையை உதறினாள், அப்புறம் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலத்திலிருந்து இருவரும் பழையபடி பேசிக்கொண்டார்கள். பெரியவர்களின் சண்டை இப்படித்தான், காரணமில்லாமல் தீர்ந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் எதுவும் சொல்ல வேண்டியிராமல் போனதில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

அந்த டிக்ஷனரி இப்போதும் என்னிடம் இருக்கிறது. இங்கிலீஷில் பட்டம் வாங்கியிருக்கிறேன். அத்தை என்னிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை; என் பாவாடைப் பாக்கெட்டையும் பிரிக்கச் சொன்னதில்லை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், பேசிக்கொண்டே தாம்பூலப் பைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தவளின் கையைத் தற்செயலாகப் பார்த்தேன். கட்டைவிரல் கணுக் கணுவாக ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சாயங்காலம் எண்ணெய்க் கையில் நான் பார்த்தது என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மூன்று டஜன், அதற்கு மேல் நாலு. நான் கத்திய நாற்பத்தொன்றுக்கு ஒன்று குறைகிறது.